பழைய வண்டியும் பிற வண்டியின் உறுப்பும்

ஒன்றன்மீதொன்று சாய்ந்து நிற்கும் மூன்று துப்பாக்கிகள்: இதுவே பி.எஸ்.ஏ. கம்பனியின் முத்திரை. இலங்கையில் முன்னாளில் துவிச்சக்கர வண்டி வைத்திருந்த பலர் இம்முத்திரையை நன்கறிவர். சைக்கிளுக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பென்று அக்காலச் சிறுவர் சிலர் வியந்திருக்கவும் கூடும். அந்தத் தொடர்பை விளங்கிக்கொண்டால், பழைய மோட்டார் சைக்கிளொன்றைப் புனருத்தாரணம் செய்வோர் இன்று எதிர்நோக்கும் சிக்கலிற் பாதி விளங்கிவிடும்.

பேர்மிங்ஹாம் சிற்றாயுதக் கம்பனி என்பதே பி.எஸ்.ஏ. என்னும் மூன்றெழுத்தின் விரிவு. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர் ஒன்றுகூடி 1861ஆம் ஆண்டில் அதனை நிறுவினர். அதற்கு முன்னர் துப்பாக்கி செய்தல் முற்றிலும் கைத்தொழிலாக இருந்தது. குழல் செய்பவன் ஒருவன், பூட்டுச் செய்பவன் ஒருவன், கட்டை செதுக்குபவன் ஒருவன்; ஈற்றில் அரங்கொண்டு அராவி அவற்றைப் பொருத்துபவன் வேறொருவன். ஒரு துப்பாக்கியின் பூட்டு மற்றொரு துப்பாக்கியிற் பொருந்தாது. யந்திரத்தினால் ஒரே அளவாக உறுப்புகளை வார்த்துக் கடைந்தெடுத்தால் எந்த உறுப்பையும் எந்தத் துப்பாக்கியிலும் மாட்டலாம். போர்க்களத்தில் உடைந்த இரண்டினின்றும் நல்லதொன்றை ஆக்கிக்கொள்ளலாம். இந்தப் புதிய எண்ணத்தின்மீதே கம்பனி எழுந்தது. சமாதான காலத்தில் துப்பாக்கிக்குக் கிராக்கி குன்றியபோது, அதே யந்திரங்களும் அதே அளவுகோல்களும் துவிச்சக்கர வண்டிகளையும், 1910ஆம் ஆண்டு தொடக்கம் மோட்டார் சைக்கிள்களையும் ஆக்கலாயின.

ஆகவே, ஒரு வண்டியின் உறுப்பை இன்னொரு வண்டியில் மாட்டுவது இந்தக் கம்பனியைப் பொறுத்தவரை பிற்காலத்தார் செய்த குறும்பன்று. அது கம்பனியின் பிறப்போடு பிறந்த குணம்.

இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளத் தக்க வண்டி, பி.எஸ்.ஏ. எம்-20 என்பது. வால் பேஜ் என்னும் புகழ்பெற்ற யந்திர வடிவமைப்பாளர் அதனை வகுத்தார். 1937ஆம் ஆண்டில் அது சந்தைக்கு வந்தது. உருளை ஒன்று, அதன் உள்விட்டம் 82 மில்லிமீற்றர், பிஸ்ரன் ஏறியிறங்கும் தூரம் 94 மில்லிமீற்றர், கொள்ளளவு 496 கன சென்ரிமீற்றர். வண்டியின் நிறை ஏறக்குறைய 370 இறாத்தல். அதன் வலு பதின்மூன்று குதிரைவலு மாத்திரமே. வேகத்தில் மணிக்கு 60 மைலை அண்டிச் செல்வதே அதற்குப் பெரும்பாடு. பந்தயக்காரர் அதனைத் திரும்பியும் பாரார். ஆயினும் இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது பிரித்தானியப் படைகளுக்காக இவ்வினத்தில் 126,000 வண்டிகள் வரையிற் செய்யப்பட்டன. கடிதங்களையும் கட்டளைகளையும் ஏந்திச் சென்ற படைத்தூதர் பாலைவனத்திலும் சேற்றிலும் இவற்றை ஓட்டினர். பாரம் அதிகம், ஓட்டம் மந்தம் என்று அவர்கள் குறைகூறியதுண்டு. ஆனால் பழுதுபார்ப்பது எளிது என்பதை மறுத்தவர் இல்லை.

யுத்தத்தின் சுவடுகள் அந்த வண்டியின் உடலிலே இன்றும் காணப்படும். 1940ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 19ஆந் திகதி இரவு பேர்மிங்ஹாமில் உள்ள ஸ்மோல் ஹீத் தொழிற்சாலை மீது குண்டு வீழ்ந்து, இரவுவேலையில் இருந்த 53 தொழிலாளர் மாண்டனர். ஆயினும் உற்பத்தி நிற்கவில்லை. பின்னர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்கள் யப்பானியர் வசமானபோது இறப்பருக்குப் பஞ்சம் உண்டாயிற்று; கைப்பிடிக்குக் கித்தானும், கால்மிதிக்கு வெறும் இரும்பும் வந்து சேர்ந்தன. பாலைவன மணல் யந்திரத்துட் புகாதவாறு பெற்றோல் தாங்கியின்மேலே பெரியதொரு காற்று வடிகட்டி ஏற்றப்பட்டது. அதன் குழாய் செல்வதற்காகத் தாங்கியே ஒரு பக்கம் வெட்டி வளைக்கப்பட்டது. ஒரே இலக்கமுடைய எம்-20 என்றாலும் 1940இல் வந்த வண்டியும் 1944இல் வந்த வண்டியும் ஒன்றல்ல.

இனி, இராணுவப் பட்டறைகளில் நடந்ததையும் கூறவேண்டும். பழுதுற்ற வண்டிகள் வரிசையாக அங்கே வரும். அவற்றை முற்றாகக் கழற்றி, யந்திரங்களை ஒரு பக்கமும் சட்டகங்களை ஒரு பக்கமும் சில்லுகளை இன்னொரு பக்கமும் குவிப்பர். திருத்தி முடிந்தபின் கைக்கு வந்ததை எடுத்துக் கோப்பர். எந்த யந்திரம் எந்தச் சட்டகத்திலிருந்து வந்தது என்று பார்க்க அங்கே எவருக்கும் நேரமில்லை, அவசியமும் இல்லை. அன்றியும், இந்த யுத்தகால வண்டிகளில் சட்டகத்தின் இலக்கமும் யந்திரத்தின் இலக்கமும் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டபோதே வேறுவேறாகவே இருந்தன. இரண்டும் ஒத்திருந்தாலன்றி வண்டி அசலன்று என்று பேரம் பேசுவோர் இவ்விடயத்தில் ஏமாறுவதுண்டு. எம்-20இன் இலக்கங்கள் ஒத்திருக்குமாயின், யாரோ பின்னர் வெட்டிய இலக்கமோ என்றே முதலில் ஐயுறவேண்டும்.

இப்படிப் பிறந்து இப்படி வளர்ந்த வண்டியை அசல் நிலைக்குக் கொண்டுவருதல் என்றால் எந்த நிலைக்கு? புனருத்தாரணம் செய்வோன் திருகாணி ஒன்றைத் தொடுமுன்னரே இக்கேள்விக்கு விடை தேடிக்கொள்ளல் வேண்டும். தொழிற்சாலை வாசலில் நின்ற நாளையா? படையில் ஓடிய காலத்தையா? யுத்தம் முடிந்து உபரிப் பொருளாக ஏலத்தில் விற்கப்பட்டு, ஒரு தச்சனோ தபாற்காரனோ வாங்கிப் பக்கப்பெட்டி பூட்டி மனைவி மக்களை ஏற்றிச்சென்ற காலத்தையா? மூன்றும் உண்மையே. மூன்றையும் ஒரே வண்டியிற் காட்டல் இயலாது. காக்கி வர்ணம் பூசவேண்டிய படைவண்டிக்குப் பளபளக்கும் குறோமிய முலாம் இட்டு நிறுத்துவோரைக் காணும்போது, முதியவருக்குக் குழந்தைச் சட்டை அணிவித்தது போன்ற எண்ணமே எழுகின்றது.

பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வண்டி எதனையும் 'விண்டேஜ்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இங்கிலாந்தில் 1946ஆம் ஆண்டு தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கழகம் அச்சொல்லை முதலில் 1931ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்டிகளுக்கே உரியதாகக் கொண்டது. அக்கணக்கின்படி எம்-20 அந்த வரிசையிற் சேராது. இன்று பேச்சுவழக்கில் அந்தக் கண்டிப்பு இல்லை.

பழைய வண்டியைக் கழற்றுவதற்கு முன்னர்ச் செய்யவேண்டிய வேலை, அதனைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். கம்பி எந்த வழியாக ஓடுகின்றது, வளையம் எந்தத் திருகாணியின் கீழ் இருக்கின்றது, வர்ணத்தின் அடியில் வேறு வர்ணம் உண்டா என்பனவற்றை எழுதியும் படமெடுத்தும் வைத்தல் வேண்டும். பெற்றோல் தாங்கியின் மறைவான அடிப்பகுதியை மெல்லச் சுரண்டினால், கறுப்பின் கீழே சிவப்பும், சிவப்பின் கீழே காக்கியும், ஒன்றன்கீழ் ஒன்றாக வெளிப்படும். மண்ணைத் தோண்டும் புதைபொருள் ஆராய்ச்சியாளர் காணும் அடுக்குகளைப் போன்றவை அவை. மணலை விசிறி அடித்து எல்லாவற்றையும் ஒரே நாளில் வெள்ளை இரும்பாக்கி விட்டால், அந்த வரலாற்றை மீட்பதற்கு வழியில்லை.

எம்-20இன் யந்திரம் பக்கவால்வு இனத்தைச் சேர்ந்தது. அதாவது வால்வுகள் உருளையின் தலையில் அல்ல, அதன் அருகே நிமிர்ந்து நிற்கின்றன. தலை வெறும் மூடி போன்றது. மூடியைக் கழற்றிக் கரியைச் சுரண்டும் வேலையை வீட்டு முற்றத்திலேயே செய்து முடிக்கலாம். அமுக்க விகிதமும் மிகத் தாழ்ந்தது, 4.9க்கு 1 என்ற அளவே. யுத்தகாலத்து மட்டமான பெற்றோலையும் அது முகஞ்சுளியாமற் குடித்தது. ஆனால் இக்காலத்துப் பெற்றோலில் வேறொரு வில்லங்கம் உண்டு. பிரித்தானியாவில் 2021ஆம் ஆண்டு செப்டெம்பர் தொடக்கம் சாதாரண பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல் கலந்து விற்கின்றனர். பழைய தாங்கிகளின் உட்புறம் பூசப்பட்ட பிசின் அதிற் கரைந்து, காபரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடும். ஆதலின் தாங்கியின் உட்பூச்சு எது என்று அறியாமல் எரிபொருள் நிரப்பலாகாது.

எம்-20க்கு ஒரு தமையன் உண்டு, பெயர் எம்-21. உருளையின் விட்டம் அதே 82 மில்லிமீற்றர். பிஸ்ரன் செல்லும் தூரம் மாத்திரம் 112 மில்லிமீற்றர். ஆகவே கொள்ளளவு 591 கன சென்ரிமீற்றர். இங்கிலாந்தின் மோட்டாரோட்டிகள் சங்கத்துச் சேவகர், வீதியிற் பழுதாகி நிற்போருக்கு உதவப் பக்கப்பெட்டி பூட்டி ஓட்டிச் சென்றது இந்த வண்டியையே. எம்-21இன் கனத்த சுழற்சில்லையும் அதற்குரிய உருளையையும் எம்-20இல் இறக்கினால் இழுவைப் பலம் கூடும். பலர் அவ்வாறு செய்துமுள்ளனர். வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண்பது அரிது. இரண்டும் ஒரே கம்பனியின், ஒரே வடிவமைப்பாளரின், ஒரே அளவுகோலின் பிள்ளைகள் என்பதாலே இது இயல்கின்றது.

கண்ணுக்கே தெரியாத மாற்றமும் உண்டு. வண்டிக்குத் தீப்பொறி கொடுப்பது மக்னீற்றோ. அதன் சுழலும் கருவினுள்ளே மெழுகும் கடதாசியும் சுற்றிய சிறிய கொண்டென்சர் ஒன்று பொதிந்திருக்கும். எழுபது எண்பது ஆண்டுகளில் அது கெட்டுவிடும். அறிகுறி விசித்திரமானது: குளிர்ந்த யந்திரம் ஒரே உதையிற் புறப்படும், பத்து மைல் ஓடிச் சூடேறியதும் நின்றுவிடும், அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் அறியாதது போல மீண்டும் புறப்படும். இதன் காரணம் விளங்காமல் காபரேற்றரை நூறுமுறை கழற்றிப் பூட்டியவர்கள் உளர். இக்காலத்துக் கொண்டென்சர் ஒன்றை அதனுள்ளே வைத்துச் சுற்றினால் நோய் தீரும். 1940ஆம் ஆண்டு வண்டிக்குள் இந்த நூற்றாண்டின் பொருள் நுழைந்துவிட்டது. ஆயினும் எந்தக் கண்காட்சி நடுவரும் அதற்காகப் புள்ளி குறைப்பதில்லை. நோய் உள்ளேயிருந்தால் மருந்தும் உள்ளேயிருக்கலாம் என்பது எழுதாத விதி போலும்.

இதுவரை சொன்னவை எளிய மாற்றங்கள். இனிச் சொல்பவை அத்தகையன அல்ல.

முதலாவது, திருகாணியின் புரி. பிரித்தானிய மோட்டார் சைக்கிளொன்றில் ஒரே இனப் புரி மாத்திரம் இருக்குமென்று எண்ணுவது பெரும் பிழை. ஜோசப் விற்வேர்த் என்பார் 1841இல் வகுத்த முறையில் புரியின் கோணம் 55 பாகை. அம்முறையின் வழிவந்த நுண்புரிக்கும் அதே கோணம். சைக்கிள் தொழிலாளர் கைக்கொண்ட புரிக்கோ 60 பாகை. அது பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 சுற்று. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவோடு ஒத்துப்போகும் புரி வந்தது. அதுவும் 60 பாகை, ஆனால் சுற்றுகளின் எண்ணிக்கை வேறு. எட்டில் மூன்று பங்கு அங்குலத் திருகாணியை எடுத்துக்கொண்டால், சைக்கிள் புரியில் 26 சுற்று, பழைய நுண்புரியில் 20 சுற்று, பிந்திய புரியில் 24 சுற்று. மூன்றும் ஒரே பருமன். ஒன்று மற்றொன்றிற் செல்லாது. செல்லாதவரை ஆபத்தில்லை.

ஆபத்து செல்வதிலேதான் இருக்கின்றது. கால் அங்குலத் திருகாணியில் நுண்புரிக்கும் 26 சுற்று, சைக்கிள் புரிக்கும் 26 சுற்று. கோணம் மாத்திரம் ஐந்து பாகை வேறு. ஒன்றன் சுரை மற்றொன்றிற் சுகமாக ஏறும்; இறுகுவது போலவும் தோன்றும். ஆனால் புரியின் முழுப் பக்கமும் தொடாது. விளிம்பு மாத்திரமே பாரத்தைத் தாங்கும். ஒற்றை உருளை யந்திரத்தின் அதிர்ச்சியில் அது சிறிது சிறிதாகத் தேய்ந்து, ஒரு நாள் நெடுவழியிற் கழன்று விழும். பிற வண்டியின் உறுப்பைப் பூட்டுவோன் அந்த உறுப்போடு அதற்குரிய சுரையையும் திருகாணியையும் சேர்த்தே பெற்றுக்கொள்ளுதல் நன்று. புரியளவி என்னும் சீப்புப் போன்ற சிறு கருவி சில்லறைக் காசுக்கு வாங்கக் கூடியது. அதனைப் பட்டறையில் வைத்திராதவரிடம் வண்டியை ஒப்படைப்பது புத்தியன்று.

பழைய ஸ்பானர்களும் மயக்கம் தருவன. அவற்றில் வெட்டியிருக்கும் அளவு சுரையின் அகலத்தைக் குறிப்பதன்று. அது திருகாணித் தண்டின் பருமனைக் குறிப்பது. இதனை அறியாதவர், அளவு பொய்யென்று ஸ்பானரை நோவர்.

இரண்டாவது, முன்கவை. வேலைத்தலங்களில் 'ஃபோர்க்' என்று வழங்குவது. யுத்தகாலத்து எம்-20இல் உள்ளது 'கேர்டர்' என்னும் பழைய கவை. இரு பக்கத்துக் குழாய்களும் ஒன்றாகப் பிணைந்த ஒரு சட்டம். அச்சட்டம் மேலும் கீழுமாக இணைப்புக் கட்டைகளால் வண்டியின் கழுத்தோடு தொங்குகின்றது. நடுவே ஒரு பெரிய சுருள்வில் பள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்குகின்றது. இணைப்புகளின் ஊசிகளுக்குக் கிறீஸ் இடாது விட்டால் அவை தேய்ந்து, முன்சில்லு பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். யுத்தத்தின் பின்னர் வேறொரு கவை பரவியது. ஒரு குழாயினுள் இன்னொரு குழாய் நீண்டும் சுருங்கியும் இயங்க, உள்ளே சுருள்வில்லும் எண்ணெயும் அடங்கியிருக்கும் இதனைக் குழாய்க்கவை எனலாம். பி.எஸ்.ஏ. கம்பனி 1945இல் அறிமுகஞ் செய்த பி-31 என்னும் வண்டி இக்கவையோடு வந்தது. 1948ஆம் ஆண்டளவில் எம்-20க்கும் கம்பனியே அதனைப் பூட்டலாயிற்று.

கம்பனி செய்வதைக் கண்டவர்கள் சும்மா இருப்பரோ? ஏலத்தில் வாங்கிய படைவண்டிகளின் கேர்டர் கவையைக் கழற்றிவிட்டு, உடைந்த பி-31இன் குழாய்க்கவையை மாட்டுதல் 1950களில் இங்கிலாந்தின் சிறு பட்டறைகளில் நடந்துவந்த வேலை. வண்டி மிருதுவாக ஓடியது, தோற்றமும் புதிதாயிற்று. இன்று புனருத்தாரணத்துக்கு வரும் எம்-20களுட் சில இவ்வாறு மாறிய வண்டிகளே.

இந்த மாற்றத்தில் எங்கே உயிர் தங்கியிருக்கின்றது என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும். வண்டியின் கழுத்து நேர்செங்குத்தாக நிற்பதன்று, பின்புறம் சாய்ந்தது. அந்தச் சாய்வுக்கோட்டை நிலம் வரை நீட்டினால், சில்லு நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது வந்து சேரும். இவ்விரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள சிறு தூரமே வண்டியை நேரே செலுத்துவது. கையை இலேசாகப் பிடித்தாலும் சில்லு தானாக நேராகத் திரும்புவது அதனாலே. வேறு கவை நீளங் கூடியதாயின் முன்புறம் உயர்ந்து, சாய்வு கூடி, அந்தத் தூரமும் கூடும். வளைவுகளில் வண்டி பாரமாகத் திரும்பும். கவை குட்டையாயின் தூரம் குறையும்; வேகத்தில் கைப்பிடி இருபுறமும் உதறத் தொடங்கும். பக்கப்பெட்டி வண்டிக்கென அமைக்கப்பட்ட கவைகளில் இத்தூரத்தை வேண்டுமென்றே குறைத்திருப்பர். அதனைத் தனிவண்டியில் மாட்டுவோர் அறியாமலே அபாயத்தை மாட்டுகின்றனர். கழுத்தின் குண்டுகள் அமரும் கிண்ணங்கள் பொருந்துகின்றனவா, கைப்பிடியை முழுதும் திருப்பும்போது கவை தாங்கியில் இடிக்கின்றதா என்பனவும் பார்க்கவேண்டியவை. ஆயினும் அவை கண்ணுக்குத் தெரியும். முன் சொன்ன தூரமோ அளந்தாலன்றித் தெரியாது.

கவையோடு சேர்ந்தது பிறேக். எம்-20இன் முன்பிறேக் 7 அங்குல விட்டமுடையது. இன்றைய வாகன நெரிசலில் அது போதாது என்று பிந்திய வண்டிகளின் 8 அங்குலப் பிறேக்கைப் பூட்ட விரும்புவோர் பலர். விருப்பம் நியாயமானது. ஆனால் பிறேக்கை அழுத்தும்போது, பிறேக் சூக்களைத் தாங்கும் தட்டும் சில்லோடு சேர்ந்து சுழல முயலும். அதனைச் சுழலவிடாது பிடித்திருப்பது கவையின் காலில் உள்ள ஒரு சிறு பிடி. சில்லையும் பிறேக்கையும் ஒரு வண்டியிலிருந்தும், கவையை வேறொரு வண்டியிலிருந்தும் எடுத்தால், அந்தப் பிடி இருக்கவேண்டிய இடத்தில் இராமற் போகலாம். மெல்லிய தகடொன்றை வளைத்து அதனைக் கட்டிவைத்தவர்களும் உளர். வீட்டு முற்றத்திற் பரீட்சிக்கும்போது அது தாங்கும். ஐம்பது மைல் வேகத்தில் முழுப்பலத்தோடு அழுத்தும் அன்று தகடு அறும். தட்டு சுழன்று கம்பியைச் சுற்றிக்கொள்ளும். முன்சில்லு கணத்தில் இறுகி நிற்கும். ஓட்டுபவன் தலைகுப்புற வீழ்வான். புனருத்தாரணத்தில் உயிர்போக்கும் பிழை என்று சொல்லத்தக்கவற்றுள் இதற்கே முதலிடம்.

பழைய பிறேக் சூக்களில் ஒட்டியிருக்கும் பட்டி பெரும்பாலும் கல்நார் கலந்தது. அந்தத் தூசியை வாயால் ஊதுவது முற்காலத்து வழக்கம். நுரையீரலுக்கு அது நஞ்சு என்பது இன்று ஐயமின்றி அறியப்பட்டது. பிரித்தானியா 1999இல் கல்நாரை முற்றாகத் தடைசெய்தது. ஈரத் துணியால் துடைத்து, பட்டியைப் புதிதாக ஒட்டுவித்தல் வேண்டும்.

தோற்றம் ஒத்திருந்தால் உறுப்பும் ஒத்திருக்கும் என்று எண்ணலாகாது என்பதற்கு அதே கம்பனியின் இன்னொரு வண்டி நல்ல சான்று. 1948இல் வந்த பான்ரம் என்னும் சிறுவண்டி, ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்னும் வண்டியைப் பார்த்துச் செய்தது. யுத்த நட்டஈடாகக் கிடைத்த வரைபடங்களே அதற்கு மூலம். ஆனால் பேர்மிங்ஹாமில் அதனைக் கண்ணாடியிற் பார்ப்பது போல இடவலமாக மாற்றினர். பிரித்தானிய வழக்கப்படி கியர் மிதியை வலப்பக்கம் வைப்பதற்காக. அளவுகளையும் அங்குலத்துக்கு மாற்றினர். உடன்பிறப்பென்று ஒன்றன் உறுப்பை மற்றொன்றுக்குத் தேடிப் போவோர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதே.

மறுபுறம், இரு வேறு கம்பனிகளின் பாகங்கள் கூடிப் புகழ்பெற்ற வரலாறும் உண்டு. பெல்பாஸ்ட் நகரத்து ரெக்ஸ் மக்கான்ட்லஸ் என்பார் வகுத்த சட்டகத்தை நோர்ட்டன் கம்பனி 1950இல் பந்தயத்துக்கு இறக்கியது. வீதியை அவ்வளவு இறுகப் பற்றிய சட்டகம் அதற்கு முன்னர் இருந்ததில்லை; மெத்தையில் இருப்பது போன்றதெனப் பந்தய வீரர் ஒருவர் சொல்ல, 'இறகுமெத்தை' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அக்காலத்தில் சிறிய பந்தயக் கார்களுக்கு நோர்ட்டன் யந்திரம் பெரிதும் வேண்டப்பட்டது. கம்பனி யந்திரத்தைத் தனியே விற்கவில்லை. கார்காரர் முழு வண்டியையும் வாங்கி, யந்திரத்தைக் கழற்றிக்கொண்டு எஞ்சியதை ஒதுக்கிவிட்டனர். அநாதையாய்க் கிடந்த அந்தச் சட்டகங்களில் ட்ரயம்ப் கம்பனியின் இரட்டை உருளை யந்திரத்தை இளைஞர் இறக்கினர். இரு பெயரையும் கூட்டி 'ட்ரைட்டன்' என்றனர். எந்தத் தொழிற்சாலையிலும் பிறவாத அந்த வண்டியை இன்று அதன் சொந்தப் பெயராலேயே தேடி வாங்குகின்றனர்.

ட்ரைட்டனுக்கு மதிப்பும், தகட்டால் கட்டிய பிறேக்குக்கு இகழ்ச்சியும் ஏன்? ட்ரைட்டன் செய்தவர் தாம் செய்ததை மறைக்கவில்லை. யந்திரத்தைத் தாங்கும் தடித்த தகடுகளை அளந்து வெட்டினர். சங்கிலி ஒரே நேர்கோட்டில் ஓடுமாறு அமைத்தனர். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற அறிஞர் பட்ட பாட்டை அறிந்தோர்க்கு இது புதிதன்று. செல்லரித்த இடத்தைப் பிறிதோர் ஏட்டின் பாடங்கொண்டு நிரப்பி, இன்ன ஏட்டிலிருந்து எடுத்தது என்று அடியிற் குறித்தால் அது பதிப்பு. குறியாது நுழைத்தால் அது இடைச்செருகல். பின்வருவோர் அதனையே மூலமென்று மயங்குவர். மோட்டார் சைக்கிளிலும் இடைச்செருகல் உண்டு. படைவண்டியின் இலக்கத்தைச் சுரண்டி வேறிலக்கம் வெட்டுவது அதன் கடைசி எல்லை. அது கலையன்று, மோசடி.

பிரித்தானிய அரசாங்கமும் இவ்வேறுபாட்டை ஒருவாறு ஏற்றுக்கொண்டது. நாற்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்கு ஆண்டுப் பரிசோதனை வேண்டாமென 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் விதித்தபோது, கடந்த முப்பது ஆண்டுகளில் பெருமாற்றம் அடைந்த வாகனத்துக்கு அச்சலுகை இல்லை என்றது. அதிர்ச்சிதாங்கும் முறையை வேறு இனமாக மாற்றுதல் பெருமாற்றம் என்றே கணிக்கப்பட்டது. எனினும் அவ்வினம் உற்பத்தியில் இருந்த காலத்திலோ, உற்பத்தி நின்று பத்து ஆண்டுகளுக்குள்ளோ வழக்கில் இருந்த மாற்றமெனக் காட்டினால் அதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. எம்-20இன் உற்பத்தி 1955இல் நின்றது. 1950களின் பட்டறைக்காரன் வறுமையால் மாட்டிய குழாய்க்கவை, இவ்வாறு சட்டத்தின் கண்ணில் வரலாறாகிவிட்டது.

பழைய பி.எஸ்.ஏ. தொழிற்சாலை இன்றில்லை, 1970களில் அதன் மோட்டார் சைக்கிள் வேலை முடிந்தது. பெயரை 2016இல் இந்தியக் கம்பனியொன்று வாங்கிப் புதுவண்டி செய்கின்றது. எம்-20க்கு வேண்டிய ஊசியும் வளையமும் இன்று வருவது சிறுசிறு வேலைத்தலங்களிலிருந்தே. படைக்கென இலட்சக் கணக்கிற் செய்த வண்டியாகையால், பழைய உறுப்புகளும் ஏலப் பெட்டிகளில் இன்னும் அகப்படுகின்றன.

பூட்டி முடிந்த வண்டியை உடனே நெடுவழிக்கு ஏற்றலாகாது. எண்ணெய்த் தாங்கி யந்திரத்துக்கு வெளியே உயரத்தில் இருப்பதால், பல நாள் நின்ற வண்டியில் எண்ணெய் மெல்லக் கசிந்து கீழே யந்திரத்துள் நிரம்பியிருக்கும். அதனை வடித்த பின்னரே உதைக்கவேண்டும். அறியாதவர் தாங்கி வெறுமையென்று மேலும் ஊற்றுவர். புகையாகவும் ஒழுக்காகவும் அது வெளிவரும். முதல் இருபது மைல் ஓட்டியபின் யந்திரம் முற்றாக ஆறும்வரை காத்திருந்து உருளைத்தலையின் திருகாணிகளை மீண்டும் இறுக்கவேண்டும். முன்பிறேக்கின் பிடியையும் கழுத்தின் குண்டுகளையும் அப்போதே மறுபடி பார்த்தல் நன்று.

குழாய்க்கவை பூட்டியவர் கழற்றிய கேர்டர் கவையை இரும்புக் கடைக்கு அனுப்பிவிடக் கூடாது. இணைப்புகளுக்குக் கிறீஸ் பூசி, எண்ணெய்த் துணியாற் சுற்றி, சட்டகத்தின் இலக்கத்தையும் கழற்றிய திகதியையும், மாட்டிய கவை எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதையும் ஒரு தகட்டில் வெட்டி, அதனோடு கட்டி வைத்தல் வேண்டும். வண்டி கைமாறும் நாளில் அந்தப் பொதியும் உடன் செல்லும்.